காலடிப்பேட்டையில் ஓர் ஆரி வகுப்பும் என் பன்னிரண்டு மாதக் கணக்கேடும்

ஆரி வேலை, அதாவது பிளவுஸ் துணியில் கொக்கி ஊசியால் போடும் பூத்தையல், கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இந்த வகுப்பை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் ஆரி வேலையையே முழுநேரப் பிழைப்பாக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு, இருக்கிற வேலையை விடத் துணிந்து நிற்கிறவர், பணம் கட்டுவதற்கு முன் நான் இங்கே எழுதப்போகும் கணக்கை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். வகுப்பின் துண்டறிக்கை இந்த இருவரையும் ஒரே ஆளாக நினைத்து அழைக்கிறது. 'பொழுதுபோக்கு இனி முழுநேர வருமானம். வீட்டிலிருந்தே மாதம் 40,000' என்பது அதன் தலைப்பு. அந்தத் தலைப்பை நம்பித்தான் நானும் போனேன்.

வகுப்பின் பெயரை எழுதப் போவதில்லை. அதை நடத்துகிறவர் ஒற்றை ஆள். நான் குறை சொல்லவிருக்கும் பழக்கங்கள் அவருக்கு மட்டும் உரியவையும் அல்ல. வடசென்னையில் திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர் வரை மின்கம்பங்களில் கட்டித் தொங்கும் ஆரி வகுப்பு அட்டைகளை நின்று படித்தால், தொகை மட்டும் மாறி இதே வாக்குறுதி இருப்பதைக் காணலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மதிப்புரையின் போக்கு அதைப் பொறுத்தது. நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் 17 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். 2024 தொடக்கத்தில் அலுவலகத்தில் ஆட்குறைப்பு வந்தபோது, என்னை அரை நாள் வேலைக்கு மாறிக்கொள்ளும்படி கேட்டார்கள். சம்பளம் 13,000 ரூபாய் ஆயிற்று. பள்ளிக் காலத்திலிருந்தே தலையணை உறையிலும் கைக்குட்டையிலும் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, திடீரென்று கிடைத்த பிற்பகல்கள் ஒரு குறிப்பைப் போலத் தோன்றின. மிச்சமிருக்கும் அரை நாளையும் விட்டுவிட்டு ஊசியை நம்பி இறங்கலாமா என்பதே அந்த ஆண்டு முழுவதும் வீட்டில் நடந்த பேச்சு.

வகுப்பு காலடிப்பேட்டையில், மெட்ரோ நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடையில், ஒரு வீட்டின் மொட்டை மாடியில் நடக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு வந்துபோவது எளிதாகிவிட்டது. ராயபுரத்திலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் கூட மாணவிகள் வருகிறார்கள். மூன்று மாதம், வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். கட்டணம் 12,000 ரூபாய். பொருள்களுக்குத் தனியாக 2,800. ஒரு குழுவில் 12 பேர், ஆனால் துணியை இழுத்துக் கட்டும் சட்டங்கள் ஆறுதான் இருப்பதால் இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வேண்டும். நான் சேர்ந்தது சித்திரை மாதம். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து பட்டு நூலைக் கையாள்வது என்னவென்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்: வியர்வை பட்ட நூல் கொக்கியில் இழுபடாமல் பிசிறிப் போகிறது. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடும்போது சமிக்கி பறக்கிறது என்று இன்னொன்றை நிறுத்திவிடுவார்கள். கூடுதலாக இரண்டு விளக்குகளாவது போட்டிருக்கலாம்.

இத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் கற்பிக்கும் முறை. ஆரி ஊசி சாதாரணத் தையல் ஊசி அன்று. நுனியில் சிறு கொக்கி உள்ள ஊசியைத் துணியின் மேலிருந்து குத்தி, கீழே இடக்கையில் பிடித்திருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி, ஒரு வளையமாக மேலே இழுத்து, அந்த வளையத்துக்குள்ளேயே அடுத்த குத்தைக் குத்தினால் சங்கிலித் தையல் பிறக்கிறது. வலக்கைக்குக் கண் துணையுண்டு; இடக்கை துணிக்கு அடியில் குருடாகவே வேலை செய்ய வேண்டும். ஆசிரியை முதல் இரண்டு வாரம் முழுவதும் இந்த இடக்கையைத்தான் பழக்கினார். பழைய பருத்தித் துணியில் வெள்ளை நூலால் நேர்கோடுகள், பிறகு வளைகோடுகள், பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழிகள். பூவும் மயிலும் எப்போது வரும் என்று இளம் பெண்கள் முணுமுணுத்தபோதும் அவர் இறங்கி வரவில்லை.

அவர் ஒருபோதும் துணியின் முன்பக்கத்தை முதலில் பார்த்ததில்லை. சட்டத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். சங்கிலித் தையலின் சூட்சுமம் அதன் கடைசி முடிச்சில் இருக்கிறது. முடிச்சு சரியாக விழாவிட்டால், நூலின் நுனியைப் பிடித்து இழுத்த மாத்திரத்தில் வரிசை முழுவதும் கடகடவென்று பிரிந்து வந்துவிடும். எனக்கு அப்படி மூன்று நாள் வேலை ஒரு நொடியில் பிரிந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை, பிரிந்த நூலை விரலில் சுற்றி என் கையில் கொடுத்து, "இது கல்யாண மேடையில பிரியாம இங்கயே பிரிஞ்சுதேன்னு சந்தோஷப்படுங்கக்கா" என்றார். என்னைவிட ஆறு வயது இளையவர். என்னை அக்கா என்பார், நான் அவரை டீச்சர் என்பேன்.

படியெடுக்கும் முறையையும் பழைய வழக்கப்படியே சொல்லிக்கொடுத்தார். வடிவத்தை ட்ரேசிங் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் தேய்த்தால் துணியில் புள்ளிக் கோடு பதிந்துவிடும். மண்ணெண்ணெய் பறந்த பிறகு பொடி மட்டும் நிற்கும். வேலை முடிந்ததும் தட்டினால் போய்விடும். வெட்டாத துணியில் கழுத்தையும் கையையும் எப்படி அளவு குறிப்பது, தையற்காரரின் கத்தரிக்கு எவ்வளவு விளிம்பு விடுவது, குந்தன் கல்லைப் பசையால் ஒட்டிய பிறகு ஏன் சுற்றிலும் நூல் வேலி போட வேண்டும், சர்தோசிக் கம்பியின் மேல் வாசனைத் திரவியம் பட்டால் எப்படிக் கறுக்கும் என்பவை எல்லாம் கையில் செய்து காட்டப்பட்டன. மூன்றாம் மாத இறுதியில் நான் முடித்த ஒரு கை வேலையை, இருபது ஆண்டுகளாக பிளவுஸ் தைக்கும் என் நாத்தனார் பார்த்துவிட்டு, கடையில் வாங்கியதா என்று கேட்டார். கைவேலை கற்பிக்கும் இடம் என்ற அளவில் இந்த வகுப்பிடம் நான் குறை காணமாட்டேன்.

பொருள் பைக்கு வாங்கிய 2,800 ரூபாயைப் பற்றி முதலில் எனக்கு வருத்தம் இருந்தது. சௌகார்பேட்டையின் மொத்தக் கடைகளில் பின்னர் விசாரித்தபோது, அதே பட்டு நூல், சர்க்கரை மணி, சமிக்கி, சர்தோசி, ஊசிகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1,700 ரூபாய்க்குக் கிடைப்பதாகத் தெரிந்தது. ஆனால் அங்கே ஒரு நிறத்தில் ஒரு கண்டு நூல் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை; பெட்டியாகவோ எடைக்கணக்கிலோ வாங்க வேண்டும். பத்து நிறத்தில் சிறிது சிறிதாக வேண்டியவருக்கு வகுப்பின் விலை கொள்ளை என்று சொல்ல முடியாது.

குறை தொடங்குவது மூன்றாம் மாதத்தின் 'தொழில் வழிகாட்டுதல்' நாளில். அதற்காக வெளியிலிருந்து ஒருவர் அழைக்கப்பட்டிருந்தார். இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் ஜி.எஸ்.டி. பற்றியும், மீதி நேரம் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் பெயரும் இலச்சினையும் வைப்பது பற்றியும் பேசினார். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. அந்த மாடியில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் சேர்ந்து தைத்தாலும் அந்த எல்லையைத் தொட்டிருக்க மாட்டோம். பிறகு ஆசிரியை கரும்பலகையில் அந்தப் புகழ்பெற்ற கணக்கை எழுதினார்: ஒரு பிளவுஸ் 4,000 ரூபாய், மாதம் பத்து பிளவுஸ், ஆக 40,000. அவரே அதை நம்பித்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். பலகையில் ரூபாய் இருந்தது, மணி நேரம் இல்லை. ஒரு பிளவுஸ் எத்தனை மணி நேரத்தில் முடியும் என்று நான் கேட்டதற்கு, "கை பழகப் பழக வேகம் வந்துரும்க்கா" என்ற பதிலே கிடைத்தது.

சான்றிதழ் விஷயத்தை நான் இவ்வளவு எளிதாக விடமாட்டேன். 'அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்' என்று சொல்லி 500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். தாளின் தலைப்பில் இருந்த எண்ணைப் பார்த்தபோது அது உத்யம் பதிவெண் என்று தெரிந்தது. உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. ஆதார் எண்ணை வைத்துத் தொழில் செய்கிறவரே தாமாக உறுதிமொழி கொடுத்து இணையத்தில் பதிந்துகொள்வது. அதற்குக் கட்டணம் கிடையாது. இன்னார் இன்ன தொழில் நடத்துகிறார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அவர் கொடுக்கும் பயிற்சியின் தரத்தை எந்த அதிகாரியும் வந்து பார்த்ததாக அதற்குப் பொருளில்லை. அதே உத்யம் பதிவை எங்களுக்கும் எடுத்துத் தருவதாகச் சொல்லி 1,500 ரூபாய் கேட்டபோது நானும் இன்னும் இருவரும் மறுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியிலேயே செலவில்லாமல் பதிந்துகொண்டோம்.

இனி என் கணக்கேடு. 2024 ஆவணி தொடங்கி மறு ஆண்டு ஆடி முடிய, பன்னிரண்டு தமிழ் மாதங்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் வரவு, பொருள் செலவு, ஊசி பிடித்த நேரம் மூன்றையும் எழுதி வைத்தேன். ஆங்கில மாதத்தை விட்டுத் தமிழ் மாதத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தத் தொழிலின் வரவை முகூர்த்த நாள்களே நிர்ணயிக்கின்றன. மொத்தம் 34 வேலைகள் வந்தன. அவற்றில் 21 ஆவணி, ஐப்பசி, தை, வைகாசி ஆகிய நான்கே மாதங்களில் வந்தவை. எஞ்சிய எட்டு மாதங்களுக்கு 13. அந்த எட்டிலும் மார்கழியும் ஆடியும் வெறும் பக்கங்கள்.

மொத்த வரவு 1,02,600 ரூபாய். நூல், கல், மணி, துணிக்கு அடியில் வைக்கும் லைனிங் ஆகியவற்றுக்கு 19,350. போக்குவரத்து, வடிவ அச்சு, கூரியர், மேசை விளக்கு என்று 6,250. கையில் நின்றது 77,000. உழைத்த நேரம் 1,100 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 70 ரூபாய். என் அரை நாள் சம்பளத்தையும் அலுவலக நேரத்தையும் அதே போல வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 130 ரூபாய் வருகிறது. ஊசி வேலைக்குக் காற்றோட்டமான என் வீட்டு முற்றமும், விருப்பமான வேலை என்ற மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் மளிகைக் கடையில் அவற்றைக் கொடுத்துப் பருப்பு வாங்க முடியாது. இந்த வயதில் வந்து சேர்ந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியின் விலையை நான் செலவுக் கணக்கில் எழுதவில்லை. ஒருவேளை எழுதியிருக்க வேண்டும்.

கரும்பலகைக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு உரசிப் பார்க்கலாம். தை மாதத்தில் ஒரு மணப்பெண்ணுக்கு முதுகில் இரட்டை மயிலும் முழங்கை வரை கொடியும் போட்டுக் கொடுத்தேன். 4,500 ரூபாய் சொன்னேன். பெண்ணின் தாயார் பேசிப் பேசி 3,800க்குக் கொண்டுவந்தார். பொருள் செலவு 780 போக 3,020 ரூபாய். வேலைக்கு ஆன நேரம் 46 மணி. மணிக்கு 65 ரூபாய் சொச்சம். மாதம் பத்து பிளவுஸ் இந்த அளவில் செய்ய வேண்டுமானால் 460 மணி நேரம் வேண்டும். முப்பது நாளும் விடுமுறையின்றி உட்கார்ந்தாலும் நாளுக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கை பழகி வேகம் கூடும் என்பது உண்மை. ஆண்டின் முடிவில் எனக்கே கால் பங்கு நேரம் குறைந்திருந்தது. அப்படிக் குறைத்துக் கணக்கிட்டாலும் நாளுக்குப் பதினோரு மணி நேரத்துக்குக் கீழே இறங்கவில்லை, அதுவும் மார்கழியிலும் ஆடியிலும் பத்துப் பத்து மணப்பெண்கள் வந்து நின்றால்.

கணக்கேட்டில் எனக்கே வியப்பாக இருந்த பகுதி இன்னொன்று. 34 வேலைகளையும் அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மணப்பெண்ணுக்கான பெரிய வேலைகள் ஒன்பது, அவற்றுக்கு 495 மணி நேரம் உழைத்து எல்லாச் செலவும் போக 29,700 ரூபாய் கண்டேன், மணிக்கு 60. கை ஓரத்தில் இரண்டு வரிசை மணியும் ஒரு கொடியும் மட்டும் போட்ட சின்ன வேலைகள் பதினொன்று, 66 மணி நேரத்தில் 7,260 ரூபாய், மணிக்கு 110. இடைப்பட்ட பதினான்கும் மணிக்கு 75ஐத் தாண்டவில்லை. அதாவது, வகுப்பு எதை உச்சமாகக் காட்டி எங்களைப் பழக்கியதோ அந்த வேலைக்குத்தான் கூலி மிகக் குறைவு. இரண்டாம் மாதத்திலேயே தாண்டிப்போன எளிய வேலைக்குக் கூலி அதிகம். பெரிய வேலையில் விலையைக் கேட்டதும் பேரம் வருகிறது, சின்ன வேலையில் 900 ரூபாய் என்றால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள் என்பது ஒரு காரணம். பெரிய வேலையில் பிரித்துப் போடும் நேரமும் பெருகுகிறது என்பது மற்றொன்று.

அப்படியானால் சின்ன வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நானும் அதற்கு முயன்றேன். கை ஓரத்துக்கு இரண்டு வரிசை போட வேண்டியவர் அதற்கென்று ஓர் ஆரிக்காரரைத் தேடி வருவதில்லை. பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுகிறார். என்னோடு படித்தவர்களில் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் புது வண்ணாரப்பேட்டையில் வீட்டு வாசலில் தையல் இயந்திரம் போட்டிருந்த ஒரு பெண். அவரிடம் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். தைக்க வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு மாதிரித் துணியைக் காட்டி, "கை ஓரத்துக்கு மட்டும் எழுநூறு ரூபா, போட்டுடட்டுமாம்மா?" என்று கேட்பார். மாதம் இருபது பேராவது சரி என்கிறார்கள். ஒன்றுக்கு ஐந்து மணி நேரம், பொருளுக்கு நூறு ரூபாய். மணிக்கு 120 அவருக்கு நிற்கிறது. தையற்கூலி தனி. தன் துணியைத் தானே வெட்டுவதால், வேறு தையற்காரர் கழுத்தைத் தவறாக வெட்டி நாற்பது மணி நேர வேலையைப் பாழாக்கும் ஆபத்தும் இல்லை. எனக்கு அது ஒரு முறை நேர்ந்தது. நட்டத்தில் பாதியை நானே ஏற்க வேண்டியதாயிற்று. எங்கள் குழுவில் ஆரி வேலையால் உண்மையிலேயே பிழைக்கிறவர் என்று நான் சுட்டக்கூடியவர் அவர் ஒருவரே, அவரும் ஆரியை மட்டும் நம்பிப் பிழைக்கவில்லை.

வேறு இருவர் கடைகளுக்குக் கூலி வேலை செய்கிறார்கள். கடைக்காரர் துணியும் பொருளும் கொடுத்து, மணப்பெண் பிளவுஸ் ஒன்றுக்கு 1,500 ரூபாய் தருகிறார். ஆர்டர் தேடும் தொல்லை இல்லை. ஆனால் அந்தக் கூலியை நிர்ணயிப்பது அவர்களுடைய நேரம் அன்று. மேற்கு வங்கத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த கைவினைஞர்கள் ஒரு பெரிய சட்டத்தைச் சுற்றி நான்கு பேராக உட்கார்ந்து காலை முதல் இரவு வரை வேலை செய்யும் பட்டறைகள் சென்னையில் இருக்கின்றன. தலைமுறையாகச் செய்துவரும் அந்தக் கைகளின் வேகத்துக்குத்தான் விலை கட்டப்படுகிறது.

அவர்களுக்கும் கீழே இன்னொரு போட்டி இருக்கிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைக்குப் போனால் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்ட பிளவுஸ் துணிகள் சில நூறு ரூபாய்க்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டடி தொலைவிலிருந்து புகைப்படம் எடுத்தால் வேறுபாடு தெரியாது. "கம்ப்யூட்டர்ல போட்டா எழுநூறுதான்மா, நீ என்ன மூவாயிரம்னு சொல்ற?" என்று கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாள் கேட்டபோது, துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "பின்னாடி யாரு பாக்கப் போறா?" என்றார். ஆசிரியை எங்களுக்குப் பயிற்றுவித்த நேர்த்தி முழுவதும் அந்தப் பின்பக்கத்தில் இருக்கிறது. அந்த நேர்த்திக்குப் பணம் கொடுக்கிறவரை எங்கே கண்டுபிடிப்பது என்பதைத்தான் வகுப்பு சொல்லித்தரவில்லை.

வகுப்பு நடக்கும் இடத்தின் பெயரே இதற்கு ஒரு பழைய பாடம் வைத்திருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த ஊர் காலட்பேட்டை; அதுவே வாய்வழக்கில் காலடிப்பேட்டையாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வியாபாரிகள் வழியே முன்பணம் கொடுத்துத் துணி வாங்குவது வழக்கம். அதற்காக நெசவாளர்கள் வந்து குடியேறினார்கள். அந்த ஏற்பாட்டில் சுரண்டல் இல்லாமலில்லை. ஆனால் வாங்குகிறவர் முதலில் இருந்தார், கைவினைஞர் பிறகு வந்தார். நாங்களோ மூன்று மாதத்தில் பன்னிரண்டு பேர் வீதம் கைவினைஞராகிவிட்டு, வாங்குகிறவரை எங்கள் அக்காள் தங்கைகளின் கல்யாணங்களில் தேடிக்கொண்டிருக்கிறோம். என் 34 வேலைகளில் 19 உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் வந்தவை. அந்த வட்டம் ஓராண்டில் வற்றிவிடும்.

கடனைப் பற்றியும் வகுப்பில் நிறையப் பேச்சு நடந்தது. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்கள் உள்ளன, தையலும் அவற்றில் ஒன்று. 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் கால் பங்கு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமாகக் கிடைக்கிறது. நல்ல திட்டம் என்றே நினைக்கிறேன். தையல் இயந்திரம் வாங்க வேண்டிய புது வண்ணாரப்பேட்டைத் தோழியைப் போன்றவருக்கு அது பயன்படும். ஆரிக்கு மட்டும் என்றால், சட்டம், விளக்கு, ஊசி எல்லாம் சேர்ந்து ஐந்தாயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இந்தத் தொழிலில் பற்றாக்குறை மூலதனத்தில் இல்லை, ஆர்டரில் இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, கைவேலையால் நிலையாகச் சம்பாதிக்கும் ஒருவரை நான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் ஆசிரியை. ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள், 24 பேர், ஆளுக்கு 12,000. மூன்று மாதத்துக்கு 2,88,000 ரூபாய். வாடகையும் பிற செலவும் போனாலும், அந்த மாடியில் ஊசியால் வருவதைவிடப் பயிற்சியால் வருவது பல மடங்கு. இதில் தவறு எதுவும் இல்லை. பாட்டும் நாட்டியமும் கற்றவர்களும் இப்படித்தான் பிழைக்கிறார்கள். மாதம் 40,000 என்பது பொய்யும் அன்று. அது அவருடைய வருமானத்துக்குப் பொருந்தும், எங்களுடையதற்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நான் அரை நாள் வேலையை விடவில்லை. ஆரியையும் விடவில்லை, கை ஓர வேலையோடு, வருகிற பெரிய வேலைகளில் மணிக்கு 100 ரூபாய்க்குக் குறையாத விலை சொல்லி, அதற்கு ஒப்புக்கொள்கிறவரிடம் மட்டும் துணி வாங்குகிறேன். வேலைகள் பாதியாகக் குறைந்துவிட்டன. வரவு அந்த அளவுக்குக் குறையவில்லை.

சேர நினைக்கிறவர்களுக்கு: அடுத்த குழு ஆடிப்பெருக்குக்குப் பிறகு தொடங்கும் என்று சொல்கிறார்கள். பிற்பகல் குழுவைவிடக் காலைக் குழு மேல். வெயிலும் குறைவு, வெளிச்சமும் நன்றாக இருக்கும். பொருள் பையை வாங்கிக்கொள்ளுங்கள், சான்றிதழுக்கு 500 ரூபாய் கொடுக்காதீர்கள். தையல் தெரியாதவர் முதலில் பிளவுஸ் வெட்டித் தைக்கக் கற்றுக்கொண்டு பிறகு இங்கே வருவது நல்லது. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள்.

இந்த மதிப்புரையில் எனக்கு ஒரு சிறு சார்பு உண்டு. அதை மறைக்கக் கூடாது. என் கணக்கேட்டை ஆசிரியையிடம் காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் அழைத்து, புதிய குழுவுக்கு விலை போடும் முறையைச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். இதுவரை மூன்று சனிக்கிழமைகள் போயிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் தருகிறார். கரும்பலகையில் இப்போது ரூபாய்க்குப் பக்கத்தில் மணியும் எழுதப்படுகிறது. துண்டறிக்கையில் அந்த 40,000 இன்னும் இருக்கிறது. ஏற்கெனவே அடித்து வைத்தது தீர்ந்த பிறகு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.